இரண்டாம் பாகம்

ஷெர்போர்ன்,
1816 பிப்ரவரி 6

என் செலினாவுக்கு,

உன் அம்மாவின் இருமல் குறைந்ததா? என் அண்ணன் பாதிரியாரின் பிரசங்கத்தை முழித்திருந்து கேட்பவள் ஊரில் இன்னும் நான் ஒருத்திதான்.

வாடகை நூலகத்திலிருந்து ஒரு புது நாவலின் முதல் பாகம் எடுத்துவந்தேன். 'ஒரு பெண்மணி எழுதியது' என்றுதான் முகப்பில் இருக்கிறது. அதில் ஒருத்தி, விடைபெற வந்த கப்பல் வைத்தியரைக் கண்டு வெட்கப்பட்டு மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிகிறாள். தும்மல் வேறு! அன்று நான் ஒளிந்தது உனக்கும் அந்தப் பீப்பாய்க்கும்தான் தெரியும். பீப்பாய்க்கு எழுதத் தெரியாது.

நூலகத்துக் குரூம் அம்மாள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "யாரு பெத்த பொண்ணோ, என்ன குசும்பு பாருங்க!" நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். அந்த வைத்தியர் டக்கெட் எனக்கென்று ஒரு சொல்கூட விட்டுவைக்காமல் கப்பலேறிப் பதினாறு வருஷம். மேற்கிந்தியத் தீவில் காய்ச்சல் கண்டு இறந்தே பத்து வருஷம் ஆகிறது. அதற்காகவாவது அந்தத் தும்மலை நீ எழுதாமல் விட்டிருக்கலாம்.

உன் மேல் கோபமாக இருக்கும்,
டார்கஸ்


பிப்ரவரி 11

அருமை டார்கஸ்,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எழுதியது நான்தான். தையல் கூடைக்கு அடியில் தாளை ஒளித்து ஒளித்து எழுதியது. அம்மாவுக்கே தெரியாது, நீயும் வாய் திறக்காதே.

இரண்டாம் பாகம் கிடைத்ததா? படித்த கையோடு எழுது. படிக்காவிட்டாலும் எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் செலினா


ஷெர்போர்ன்,
மார்ச் 2

செலினா,

இரண்டாம் பாகம் கேட்டதற்குக் குரூம் அம்மாள் சொன்னது இது: "அது கர்னல் வீட்டம்மா கையில மாட்டிக்கிச்சு. ஒரு மாசமாச்சு, இனி வந்த மாதிரிதான். மூணாவதை எடுத்துட்டுப் போங்க. முடிவு கல்யாணமா சாவான்னு தெரிஞ்சா போதாதா?"

எடுத்துவந்து படித்தேன். தலையும் காலும் இருக்கிறது, உடம்பைக் காணோம். பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்தவளின் தோழி வந்து வாசலில் அழுகிறாள். இவள் கையைப் பிடித்து, "மன்னிச்சுட்டேன்டி, உள்ள வா, தேநீர் ஆறுது" என்கிறாள். எதை மன்னிக்கிறாள்? என்ன நடந்தது? இரண்டு நாளாக எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீயே சொல்லிவிடேன்.

டார்கஸ்


மார்ச் 7

டார்கஸ்,

சொல்ல முடிந்திருந்தால் பதினாறு வருஷம் முன்பே சொல்லியிருப்பேன். நாக்கு எழவில்லை, பேனாதான் எழுந்தது. இரண்டாம் பாகத்தைப் படி.

செலினா


ஷெர்போர்ன்,
ஏப்ரல் 19

செலினா,

கர்னல் வீட்டம்மாள் ஒருவழியாகத் திருப்பித் தந்தாள். படித்தேன்.

வைத்தியர் வாசலில் தோழியிடம் ஒரு கடிதம் தருகிறார். "அவகிட்ட சேர்த்துடுங்க. பதில் வரும்னு காத்திருப்பேன்." தோழி அதை அடுப்பில் போடுகிறாள். இவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைக்கிறாள்.

இது கதை என்று ஒரு வரி எழுதிவிடு, நம்பிவிடுகிறேன். எழுத மாட்டாய் என்று தெரியும். அவர் காத்திருந்தாரா? எத்தனை நாள்? நான் யாரை நினைத்து அழ வேண்டும், அவரையா, உன்னையா? எனக்கே விளங்கவில்லை.

ஒன்று மட்டும் விளங்குகிறது. மூன்றாம் பாகத்தில் என் வாயால் உன்னை நீயே மன்னித்துக்கொண்டாய். என்னைக் கேட்டாயா?

இனி உன் கடிதம் வந்தால் தபால்காரனுக்குக் காசு கொடுத்து வாங்க மாட்டேன். வாசலோடு திரும்பிப் போகும்.

டார்கஸ் பிம்


ஷெர்போர்ன்,
1843 மே 9

செலினா,

நீ மண்ணுக்குள் போய் இருபத்தாறு வருஷம். யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியாமலே எழுதுகிறேன்.

இன்று உன் பெயர் புத்தகத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்தத் தெருவில் மட்டும் மூன்று பெண் குழந்தைகளுக்கு உன் கதாநாயகியின் பெயர். பீப்பாயைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். விறகாக்கிவிட்டோம் என்றால் முகம் வாடிவிடுகிறது. அந்தத் தேநீர்க் கட்டத்தில் அழாதவர் இல்லை. ஊர் உலகமெல்லாம் உன்னை மன்னித்தாயிற்று. நான் ஒருத்திதான் பாக்கி.

இப்போது கூடத்தில் ஒரு கனவான் மூன்றாவது கோப்பை தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். உன் வாழ்க்கை வரலாறு எழுதுகிறாராம். உன் மேஜை இழுப்பறையில் கிடைத்தது என்று ஒரு கடிதம் கொண்டுவந்தார். மேலே என் பெயர். அரக்கு முத்திரை உடையவே இல்லை. நாம் பிரிந்த அந்த வருஷம் அக்டோபரில் நான் திருப்பி அனுப்பியது. தபால்காரன் அன்று எவ்வளவோ சொன்னான். "கனமா இருக்கும்மா. நல்லா யோசிச்சுக்கங்க." நான் கதவைச் சாத்தினேன். ஆறு மாதத்தில் நீ இல்லை.

நீ ஒரு கடிதத்தை எரித்தாய், நான் ஒன்றைத் திருப்பினேன். இதில் யார் யாரைக் குறை சொல்ல?

"பிரிச்சுப் பாருங்கம்மா, புத்தகத்துல போடணும்" என்று அவசரப்படுத்துகிறார். இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உள்ளே நீ மன்னிப்புக் கேட்டிருக்கலாம், என்னைத் திட்டியிருக்கலாம், வெறும் உன் அம்மாவின் இருமல் கதையாகவும் இருக்கலாம். எதுவானாலும் படிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மன்னித்தேன், செலினா. இது நீ எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. நானே எழுதியது.

இனி முத்திரையை உடைக்கிறேன்.

உன் டார்கஸ்