மூன்று நாள் வராதவர்கள்

பிப்ரவரி 4
மையத்தில் அறுபது பேருக்குத்தான் இடம். காத்திருப்பவர்கள் தொண்ணூற்று மூன்று. ஹெராயின் ஊசியை விட்டவர்களுக்குத் தினமும் தரும் மாத்திரையைப் பொடித்து நாக்கடியில் போட்டு, கரைந்ததா என்று வாய்க்குள் பார்ப்பது என் வேலை. ஆட்டோ ஓட்டும் இங்கோச்சா இன்று, "தங்கச்சி, அப்படியே சொத்தைப் பல்லையும் எண்ணிடு, பல் டாக்டர் செலவு மிச்சம்" என்றான். அவன் ஊசியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. எச்.ஐ.வி. இல்லை.

பிப்ரவரி 10
ஆற்றுக்கு அக்கரையில் பந்த். பாலத்தில் டயர் எரிகிறது.

பிப்ரவரி 12
மூன்றாம் நாளும் பந்த். அக்கரை ஆட்கள் ஒன்பது பேரும் வரவில்லை. மூன்று நாள் வராதவர் பெயரை அடிக்க வேண்டும் என்பது விதி. "ஒம்பது எடம் காலிம்மா, வெளிய நிக்கிறவங்கள கூப்பிடு" என்றார் டாக்டர் லோகேந்திரா. அடித்தேன். நான்தான் அடித்தேன்.

பிப்ரவரி 13
பந்த் முடிந்ததும் முதல் ஆளாக வந்தான் இங்கோச்சா. இடம் போய்விட்டது என்றேன்.
"பந்த்த நானா கூப்பிட்டேன்? நெருப்புல நடந்து வரணுமா?"
பட்டியலில் எண்பத்தைந்தாவதாக எழுதிக்கொண்டேன். வேறென்ன கிழிக்க முடியும் என்னால்?

மார்ச் 20
கூடுதல் இடம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில்: பரிசீலனையில் உள்ளது. ஊசி காத்திருக்குமா?

ஏப்ரல் 8
இங்கோச்சாவின் மனைவி மேம்சா வந்தாள். "திரும்ப ஆரம்பிச்சுட்டாரு. நாலு பேருக்கு ஒரே ஊசி. உங்க நோட்டு சுத்தமா இருக்குல்ல? அது போதும்."

மே 22
இங்கோச்சாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது.

மே 25
எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு முன்னுரிமையாம். காத்திருப்போர் பட்டியலில் அறுபதுகளில் கிடந்தவன் ஒரே நாளில் முதலிடத்துக்கு வந்து, உள்ளேயும் சேர்ந்துவிட்டான். நோய் வராமல் தடுக்கத்தானே இந்த எழவு மாத்திரை? வந்தபிறகு கதவைத் திறக்கிறான்கள். எவன் எழுதினான் இந்த விதியை?
"பாஸாயிட்டேன் போல" என்றான். நான் சிரிக்கவில்லை. அவனும்தான்.

ஜூன் 9
அக்கரையில் மறுபடி பந்த். மாத்திரை மையத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. டாக்டரிடம், "நான் கொண்டு போறேன், வேணும்னா என் பேரையும் அடிங்க" என்றேன். அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். பாலத்தை நடந்தே கடந்தேன். இப்போது மையத்தில் இருக்கும் அக்கரை ஆட்கள் ஆறு பேர்; ஆறு வீடு. மேம்சா என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே இங்கோச்சாவுக்குக் கொடுத்தேன். ஆறு பேருக்கும் வருகை போட்டாயிற்று.

மேம்சாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வரும்.