நான் தேய்த்த வளையங்கள்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து மழை. நிக்டி பஸ்ஸில் நசுங்கி, குடைக்கம்பி உடைந்து, ஆய்வுக்கூடம் சேர ஒன்பதரை.

இன்றும் தோல்வி. ரத்த அழுத்தம் ஏறிய எலியின் மகாதமனியில் வெட்டிய வளையம், மூன்று மி.மீ. உப்புநீரில் தொங்கவிட்டு, மருந்தால் இறுக்கி, பிறகு பெப்டைடு. வளையம் தளர்ந்தால் திரையில் கோடு இறங்கும். அசையவே இல்லை. நல்ல எலியிலும் இல்லை. நான்கு மாதமாக இதே கதை. வெள்ளிக்குள் இறங்காவிட்டால் இந்தப் பெப்டைடையே விட்டுவிடலாம் என்கிறார் சார், என் வழிகாட்டி.

எனக்கு மனசில்லை. எட்டு அமினோ அமிலச் சங்கிலி ஒன்று ரத்தக்குழாயை இறுக்குகிறது. அதில் கடைசி ஒன்றை உடம்பே நறுக்கினால், மிச்ச ஏழு அதே குழாயைத் தளர்த்துகிறது. அந்த ஏழுதான் என் பெப்டைடு. என்ன சாமர்த்தியம் பாரேன்! இதை எப்படி விடுவது?

வாங்க: கொத்தமல்லி, குடை.

ஜூலை 9, புதன்
தூறல். சுனந்தா தாயி (டெக்னீஷியன், இங்கே மராத்தியில் தாயி என்றால் அக்கா) நான் வேலை செய்வதைப் பார்த்துவிட்டார். "அரே, ஹே காய் கரதேஸ்?"

என்ன செய்கிறேனா? குழாய்க்குள் ரத்தக்கட்டி ஒட்டியிருக்கும். வடிதாளில் உருட்டி உருட்டிப் பளிச்சென்று எடுப்பேன். அதில் பெருமை வேறு.

தாயி தலையில் அடித்துக்கொண்டார். உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு பூச்சு. பெப்டைடு பேசுவதே அதனிடம்தான். அது சொன்னால்தான் தசை தளரும். அதைத்தான் நான்கு மாதமாகத் தேய்த்து எடுத்திருக்கிறேன். பூச்சு இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் சோதனையையும் நேரம் மிச்சமென்று விட்டிருக்கிறேன். மடச்சி!

வீட்டில் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "குக்கரையே தேய்ச்சு ஓட்டை போட்டவளாச்சே நீ!" எனக்கு அழுகை.

ஜூலை 10, வியாழன்
இன்று வளையத்தைத் தாயியே கம்பியில் மாட்டினார். கட்டியை உப்புநீர் விட்டே கழுவினார். கம்பி உள்ளே போனது, சுவரில் படவில்லை. "ஹளூ, ஹளூ", மெதுவா மெதுவா என்று தனக்குத்தானே. என்ன கை அது! பூச்சு சோதனையில் தேறியது.

11.40. பெப்டைடு. கோடு... இறங்கியது! பக்கத்தில் மாட்டிய நல்ல எலி வளையம் அளவுக்கு இல்லைதான். ஆனாலும் அத்தனை முறுக்கேறிய குழாய், நம் பேச்சைக் கேட்டது. "பக, உத்தர்தேய்!" பார், இறங்குது என்று தாயி கத்த, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மதியம் சாப்பிட மறந்தேன்.

ஜூலை 11, வெள்ளி
வெயில். சாருக்கு வரைபடம் பார்த்து வாயெல்லாம் பல். திடீரென்று எப்படி என்றார். பழைய மருந்து கெட்டிருந்தது என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. வடிதாள், தேய்த்தது, தாயி கண்டுபிடித்தது, எல்லாம் கொட்டிவிட்டேன். பழைய நான்கு மாதமும் குப்பை என்றேன்.

சார் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: பூச்சு இல்லாவிட்டால் பெப்டைடு வேலை செய்யாது என்றும் நிரூபிக்க வேண்டுமே. திங்களிலிருந்து வளையங்களில் பாதியைத் தாயி மாட்டட்டும். மீதியை நீ தேய். உன்னளவு சுத்தமாகத் தேய்க்க இங்கே ஆளில்லை.

வாங்க: வடிதாள், இரண்டு கட்டு.