காலைத் தட்டிவிட்டு நுழைந்தேன்

வெள்ளி, இரவு பத்தரை.

இன்று யாழினியின் ஸ்கூலுக்குப் போனேன். ஒருவர் தன் செல்லப் பாம்பை மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுவந்திருந்தார். வெளிநாட்டு மலைப்பாம்புக் குட்டியாம். அப்பாவோ அம்மாவோ கூட வந்தால்தான் பிள்ளை தொடலாம். "எங்கப்பா அரிசிக் குடோன்ல பாம்பு கூடவே இருந்தாங்க" என்று ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்த என் மகள், வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

நான் பழக்க தோஷத்தில் வாசலிலேயே காலை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். பாம்பு பந்தாகச் சுருண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பயந்துட்டான் சார். இனிமே இன்னிக்குத் தொட வேணாம்" என்றார் அவர்.

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். யாழினி மட்டும் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் திருவானைக்காவல் அரிசிக் குடோனில் தினமும் அப்படித் தட்டித்தான் நுழைவேன். மூட்டை இடுக்கிலிருந்து சாரைப்பாம்பு சாவகாசமாக வெளியேறும். லோடுமேன்கள் பாம்பு என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். "வாட்ச்மேன் கிளம்பிட்டாருண்ணே" என்பார்கள். எலித்தொல்லையே கிடையாது. அப்போது தொழிலுக்கு நான் புதுசு, துணைக்கு யாரும் இல்லை. அதைக் கூட்டாளி என்றே நினைத்திருந்தேன். நல்ல நாட்கள் அவை.

வீடு திரும்பும் வழியில், மன்னார்புரம் சிக்னலில்தான் யாழினி வாயைத் திறந்தாள்.

"அப்பா, நீங்க தட்டினப்ப அந்தக் குடோன் பாம்பும் பயந்துதானே ஓடியிருக்கும்?"

"மரியாதைக்கு வழி விட்டுச்சும்மா."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் இப்போது அது மரியாதையாகத் தோன்றவில்லை.

பாம்புக்காரர் நம்பரை வாங்கி வந்திருக்கிறேன். காலையில் கேட்க வேண்டும். யாழினி ஒரே ஒரு தடவை தொடட்டும். அவள் அம்மாவைக் கூட அனுப்பிவிட்டு, நான் தெருவிலேயே நின்றுகொள்கிறேன்.