புளியங்கொட்டைத் தோல்

பழவேற்காடு,
1684 ஆவணி 12

அன்புள்ள அமீர் ஜான் காக்காவுக்கு, தங்கை கைருன் பீவி ஸலாத்துடன் எழுதுவது.

என் கணவர் கடலில் மவுத்தான நாள் முதல், புளிக் கிட்டங்கியை மூடிவிட்டு மலாக்காவுக்கு வா என்றே எழுதுகிறீர்கள். மூடினால் புளி உரிக்கும் பன்னிரண்டு பெண்கள் எங்கே போவார்கள்?

புளி ஒல்லாந்தர் கப்பலுக்குப் போய்விடுகிறது. கொட்டைதான் முற்றத்தில் குவிந்து கிடக்கிறது. நாறுகிறது என்று அண்டைவீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.

நேற்று குப்பம்மாள் கையை நீட்டினாள். புளி உரிப்பவர்களில் ஒருத்தி; மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்.

"கொட்ட ஊறுன தண்ணிம்மா. மூணு நாளா செவப்பு போவல. வலைக்கு மரப்பட்டச் சாயம் ஏத்துனா இப்டித்தான் புடிச்சிக்கும்."

அந்தப் பேச்சு என் மனதைவிட்டு நீங்கவில்லை. ஒரு வருடம் பொறுங்கள், காக்கா.

கைருன்

மலாக்கா,
1684 கார்த்திகை 20

அன்புத் தங்கைக்கு,

புளியங்கொட்டையை வைத்துப் பல்லாங்குழிதான் ஆடலாம். உன் மாப்பிள்ளை முகம்மது இஸ்மாயில் இருந்தவரை நான் வாய் திறந்தேனா? தனியாக இருக்கும் பெண் குப்பையைக் கிளறினால் ஊர் சிரிக்கும். வைகாசியில் கப்பல் வரும். தலைமாலுமியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஏறிவிடு. மாட்டாய் என்றால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

அமீர் ஜான்

பழவேற்காடு,
1685 வைகாசி 9

அன்புள்ள காக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

படைகளின் சண்டையால் எளாவூர்ப் பாதை அடைபட்டு, தை மாதம் முதல் சாயப்பட்டை வரவில்லை. வலைகள் உப்புத் தண்ணீரில் இற்றுப்போயின. நாங்கள் கொட்டையை வறுத்து இடித்து, தோலைக் கொதிக்க வைத்தோம். யாரும் வலை தரவில்லை. குப்பம்மாளின் புருஷன் சடையன் மட்டும் தன் வலையில் பாதியை நனைக்க விட்டான்.

நாற்பது நாள் ஏரியில் கிடந்தது. வெளியே எடுத்த அன்று கரையில் குப்பமே கூடியது. சாயம் ஏற்றாத பாதியைச் சடையன் விரலால் இழுத்தான், பொட்டென்று அறுந்தது. எங்கள் பாதியை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் ஒரு கண்ணிகூட விடவில்லை.

"இன்னாம்மா இது, கயிறாட்டம் கீது!" என்று கத்தினான். குப்பம்மாள் அழுதேவிட்டாள். நானும்தான்.

இப்போது ஆறு குப்பத்து வலைகள் நம் முற்றத்தில் காய்கின்றன. உள்பருப்பை மாவாக்கிக் காய்ச்சினால் தறியின் பாவு நூலுக்கு அருமையான கஞ்சி. அரிசியும் வராததால் கஞ்சி இல்லாமல் தறியை நிறுத்தியிருந்த நெசவாளி வேணு, இதைத் தடவி முதல் சேலையை நெய்து முடித்துவிட்டார். கொட்டை போதாமல் பொன்னேரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு பெண்கள் முப்பது ஆகிவிட்டார்கள்.

கப்பல் வந்து நிற்கிறது. நான் ஏறப்போவதில்லை.

உங்கள் கோபத்துக்குள் இருக்கும் பாசம் எனக்குத் தெரியும். காற்று திரும்பியதும் நீங்கள் வாருங்கள். கரையில் இறங்கி என் கணவர் பெயரைச் சொன்னாலும் வழி காட்டுவார்கள்; என் பெயரைச் சொன்னாலும் காட்டுவார்கள்.

உங்கள் தங்கை,
கைருன் பீவி