உன் தாளுக்குள் அம்மா கை உப்பு

பிரோட்,
திங்கட்கிழமை

அன்பு மகள் யாஸ்னாவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைக் கேட்காதே. கனடாக் குளிரில் நீ சுகமாக இருந்தால் போதும். தொலைபேசியில் பேசினால் குரல் உடைந்துவிடும் என்றுதான் கடிதம். சனிக்கிழமை அம்மாவின் நாற்பதாம் நாள் முடிந்தது, பாதிரியார் வந்தார், படையலுக்குக் கோதுமை வேகவைத்தோம், கல்லறையில் மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவேயில்லை. எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். அடக்கத்துக்கும் விடுப்பில்லை, இப்போதும் ஆய்வகத்தை விட்டு வர வழியில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

பண்டம் சுற்றவென்று நீ ஆய்வகத்தில் செய்து அனுப்பிய புதுத் தாள் அம்மா போன மறுவாரம்தான் வந்தது. போன வருஷம் அனுப்பினாயே முதல் தாள், உருளைக்கிழங்கு மாவும் நீரில் கரையும் பிளாஸ்டிக்கும் கலந்தது, அம்மா பெருமையாக ஈரப் பாலாடைக்கட்டியை அதில் சுற்றிச் சந்தைக்குக் கொண்டுபோக, மத்தியானத்துக்குள் கொழகொழவென்று ஆகிவிட்டது. பக்கத்துக் கடை ருமென்கா விடுவாளா, "ஏண்டி வெரிட்சா, கஞ்சியும் சேத்தா விக்கிற?" என்றாள். உன் அம்மா, "எம்பொண்ணு பண்ணதுடி, குடிச்சாலும் நீ சாகமாட்ட, போ!" என்று வாயை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தனியாக அழுதாள், அது உனக்குத் தெரியாது. எலுமிச்சை உப்புச் சேர்த்துச் சூடுகாட்டினால் இழைக்கு இழை குறுக்கே பிணைந்துகொள்ளும், அப்புறம் தண்ணீரில் கரையாது என்று நீ சொன்னதிலிருந்து அம்மா ருமென்காவிடம், "இருடி, அடுத்தது வரட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தது, பார்க்க அவள் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்தாசைக்கு வந்த ருமென்கா, அம்மா கடைசியாகப் பாலாடைக்கட்டி போட்ட தொட்டியில் துண்டு ஏதும் மிச்சமில்லை என்று நினைத்து உப்புநீரைக் கவிழ்த்துவிட்டாள். கெடாமல் இருக்க உனக்கென்று நான் அதில் ஊறவிட்டிருந்த ஒரே துண்டு தரையில் வந்து விழுந்தது. "அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேறு உப்புநீர் கலக்கலாம்தான், அது அம்மா கை உப்பு ஆகுமா? துண்டைத் துடைத்து உன் தாளில் சுற்றி, நூலால் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்தேன். மடிப்பில் ஓரிடம் விரிசல் விட்டது, பிணைப்பு கூடிப்போயிற்றோ என்னவோ, வளைந்துகொடுக்கக் கொஞ்சம் கிளிசரின் கூட்டிப் பார், நான் வேலை பார்க்கும் பை ஆலையிலும் மடிப்பில்தான் தகராறு. மேலே இன்னொரு தாள் சுற்றினேன். காலையில் பார்த்தால் உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது, தாள் கரையவில்லை. ருமென்கா தொட்டுப் பார்த்து, "தோத்துட்டேன்டி வெரிட்சா" என்று அழுதாள். நானும் அழுதேன்.

கடவுள் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். வயிற்றைக் காயப்போடாதே, காலுறை இரண்டாகப் போட்டுக்கொள். கடிதம் கிடைத்ததும் ஒன்று மட்டும் கூப்பிட்டுச் சொல்: ஈரப் பாலாடைக்கட்டியை உன் தாள் எத்தனை நாள் கெடாமல் காக்கும்? அதற்குள் வந்துவிடு, அம்மாடி.

உன் அப்பா,
திராகிஷா