எனக்குச் சம்பளம் போட்டவனுக்கு

இன்று காலை பெருங்களத்தூர் வீட்டுக்கு ஒருவர் வந்தார், என் கோடவுன் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க. வெயிலுக்குக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டிருந்தார். அதிலிருந்து அடித்த அந்துருண்டை வாசனையில் நீ வந்து நின்றுவிட்டாய். உன் கோட்டும் அப்படித்தான் மணக்கும், ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதியையும் மீறி.

தாம்பரத்தில் நம்மோடு படித்தவர்களில் இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆனவன் நீ ஒருவன்தான். பேங்க் என்றதும் என் அம்மா உன்னிடம் நகைக்கடன் வட்டி விசாரித்தாள்.

"நான் கம்பெனி விக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் நடுவுல நிக்கறவன்மா" என்றாய்.

"புரோக்கர்னு சொல்லேன்" என்றேன்.

"ஆமாண்டா மச்சான், டை கட்டின புரோக்கர்!"

ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. திருமுடிவாக்கத்தில் நான் நடத்திய வெல்டிங் கம்பி வியாபாரத்தை ஒரு வடக்கத்திக் கம்பெனி விலைக்குக் கேட்டது. சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் விற்று வளர்த்த வியாபாரம். விற்பதா, எவ்வளவுக்கு என்று எனக்குத் தூக்கம் போனது. உன்னைக் கூப்பிட்டேன். கோடவுனுக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து, நீ கேட்ட முதல் கேள்வி: "உன் சம்பளம் எவ்ளோ?"

"எனக்கு எதுக்குடா சம்பளம்? கடையே என்னுது."

"பில் போடுற உன் வீட்டம்மாவுக்கு?"

"அண்ணா, நல்லாக் கேளுங்க!" என்று உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தாள்.

"கோடவுன் வாடகை?"

"சொந்த இடத்துக்கு வாடகையா? பேஜார் பண்ணாத."

நீ விடவில்லை. வாங்குகிறவன் எங்கள் இருவர் இடத்திலும் ஆள் வைத்துத்தானே ஆகவேண்டும் என்று, சம்பளம், வாடகை எல்லாவற்றையும் செலவில் ஏற்றினாய். நான் மார்தட்டிக்கொண்டிருந்த லாபம் பாதியாகிவிட்டது. லாபத்தை வைத்துத்தானே விலை. விலை இறங்கினால் உன் கமிஷனும் அதோடு இறங்கும்.

"நீ யார் பக்கம்டா?" என்று கத்தினேன்.

"உன் பக்கந்தான். இத அவனே தோண்டி எடுத்தான்னா, மீதிக் கணக்கையும் நம்ப மாட்டான். நாமளே சொல்லிட்டா நம்புவான்."

பேச்சுவார்த்தை அன்று அவர்களுடைய ஆடிட்டர் வாய் திறக்கும் முன்பே நீ அந்தப் பாதி லாபக் கணக்கை எடுத்து வைத்தாய். அவர் பேனாவை மூடிப் பைக்குள் செருகிக்கொண்டார். அதன்பின் யாரும் குடையவில்லை. நான் கனவு கண்ட விலை வரவில்லை, உண்மைதான். ஆனால் நீ செலவில் ஏற்றிய வாடகையை அவர்கள் தலையிலேயே கட்டி, இடத்தை என் பெயரிலேயே நிறுத்திவிட்டாய். இன்றுவரை என் வீட்டு அடுப்பு அந்த வாடகையில்தான் எரிகிறது. வியாபாரி நானா நீயா என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நீ போய் வருஷங்களாகின்றன. இப்போது நிலமோ பழைய லாரியோ, எதை விற்கப் போனாலும் அதன் குறையை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மச்சினர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். சில பேரம் கைநழுவியும் போயிருக்கிறது. முடிந்த பேரத்தில் ஒருவர்கூடத் திரும்பி வந்து என் சட்டையைப் பிடித்ததில்லை, மச்சான்.