காப்பி ஆறும் கணக்கு

அன்புள்ள அம்மா,

முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன், நேரத்துக்குச் சாப்பிடறேன்.

ஃபிளாஸ்க் கம்பெனியில வெந்நீர் ஆறுறதைப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அளந்து கம்ப்யூட்டர்ல புள்ளி புள்ளியாப் போடறதுதான் என் வேலை. அந்தப் புள்ளிகளை ஒட்டி, முதல்ல வேகமா, அப்புறம் நிதானமா இறங்குற வளைகோடு ஒண்ணு வரணும். ரெண்டு நாளா ஒட்டவே இல்லை. நேத்து மேசையில மறந்துபோன காப்பியைக் குடிச்சப்பதான் உறைச்சது: எவ்வளவு ஆறினாலும் ஐஸ் ஆகலையே! மக்கு மாதிரி நான் பூஜ்யம் வரை ஆறும்னு கணக்குக் கொடுத்திருக்கேன். அறைச் சூட்டோட நிறுத்தினேன். கோடு எல்லாப் புள்ளியிலயும் ஜம்முனு உட்கார்ந்துச்சு. நான் போட்ட கூச்சல்ல மேனேஜரே ஓடி வந்துட்டார்!

நம்ம சமையலறை எத்தனை டிகிரின்னு பார்த்து எழுதுங்க. இங்க காப்பி ஆறுதுன்னு கத்த ஆள் இல்லை. லீவுல வரும்போது, காப்பி ஆறிப்போறதுக்குள்ள நீங்க எத்தனை நிமிஷம் கத்தலாம்னு இப்பவே கணக்குப் போட்டு வைக்கறேன்.

வேலைக்குப் போற பஸ் வந்துடுச்சு, கிளம்பறேன்.

உங்கள் மகன்